சுதைச் சிற்பமும் அதன் காப்பும்

கோவில் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் முதலில் எழுவது கோபுரம். சொந்த ஊரை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நமக்கு அது ஊரின் அடையாளமாகவே நிலைத்துவிட்டது. அக்கோபுரத்தின் அடித்தளம் பெரும்பாலும் கருங்கல். அதன்மேல் அடுக்கடுக்காக உயரும் நிலைகள் செங்கல். அந்நிலைகளில் நிற்கும் துவாரபாலகரும் தேவரும் பூதகணங்களும் கல்லில் செதுக்கப்பட்டவர் அல்லர். சுண்ணாம்பும் மணலும் குழைத்த சாந்தினால் உருவாக்கப்பட்டவர். அச்சாந்துக்குச் சுதை என்று பெயர்.

கல் மழையைத் தாங்குவதில் வியப்பில்லை. சாந்தினால் செய்த மூக்கும் விரலும் ஐப்பசி அடைமழையையும் சித்திரை வெயிலையும் எவ்வாறு தாங்கின? இதற்கு விடை தேடினால் நாம் சேர்வது அடுக்களைக்கே. கடுக்காய், வெல்லம், தயிர், முட்டை, உளுந்து, தேங்காயெண்ணெய் என்னும் எளிய பொருள்களே சுதைக்குக் காப்பாக அமைந்தன. இக்காப்பின் வரலாறு தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. நாம் இன்று வாழும் பிற மாநிலங்களிலும் அது வேறு வேறு பெயர்களோடு வழங்கி வந்துள்ளது. அவ்வரலாற்றையும், அதில் பொதிந்துள்ள ஓர் அறிவையும், அவ்வறிவை மறந்ததால் நேர்ந்த இழப்பையும் இங்கே காண்போம்.

சுதை வேலை நம்மிடையே மிகத் தொன்மையானது. புகார் நகரத்தின் உயர்ந்த செங்கல் மாளிகைகளில் வெண்சுதையால் தேவர் முதலிய பல உயிர்களின் உருவங்களை வல்லுநர் அமைத்திருந்ததையும், வீதியில் செல்வோர் அவற்றைக் கண்டு நின்றதையும் மணிமேகலை கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மகேந்திரவர்ம பல்லவன் மண்டகப்பட்டில் ஒரு குகைக் கோவிலைக் குடைவித்தான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றி இக்கோவிலை அமைத்ததாக அங்குள்ள கல்வெட்டில் பெருமிதத்தோடு பொறித்தான். இந்நான்கும் இல்லாமல் கோவில் கட்டுவது ஒரு புதுமை என்றால், அதற்கு முன்பிருந்த கோவில்கள் அவற்றாலேயே ஆனவை என்பது தானே விளங்கும். கற்கோவில்கள் பெருகிய பின்னரும் சுதை மறையவில்லை. கோபுரத்தின் மேலும் விமானத்தின் மேலும் ஏறி நின்றது. கருவறையிலும் அதற்கு இடம் கிடைத்தது. திருவரங்கத்தில் பள்ளிகொண்ட பெருமாளின் மூலத் திருமேனி சுதையாலானது. ஆதலால் அதற்கு நீராட்டு இல்லை; உற்சவ மூர்த்திக்கே திருமஞ்சனம் நிகழ்கிறது. மூலவருக்குச் செய்யப்படுவது தைலக்காப்பு. சுதைக்கு நீர் ஆகாது, எண்ணெய் ஆகும் என்ற நுட்பம் அங்கே வழிபாட்டு முறையாகவே நிலைபெற்றிருக்கிறது.

இந்நுட்பத்தை விளங்கிக்கொள்ளச் சுண்ணாம்பின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் இட்டு ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால், அதனுள் அடங்கியிருந்த கரியமில வாயு வெளியேறிவிடும். எஞ்சிய சுட்ட சுண்ணாம்பில் நீரை விட்டால் அது கொதித்து, நீறி, வெண்ணெய் போலாகும். அதனோடு மணலைச் சேர்த்து அரைத்து உருவம் சமைத்த பின்னர், அது காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாகத் திரும்ப ஏற்று மறுபடியும் கல்லாகிறது. காளவாயில் இழந்ததைக் காற்றிலிருந்து மீட்டுக்கொள்கிறது எனலாம். இம்மாற்றம் ஒரு நாளில் முடிவதன்று. தடித்த பூச்சில் மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள்கூட ஆகும். இதற்குக் காற்றும் சிறிது ஈரமும் சுதையின் உள்ளே சென்று வர வேண்டும். எனவே சுதையில் நுண்ணிய துளைகள் இருந்தே தீரும். அத்துளைகளே அதன் உயிர். மழைநீர் நுழையும் வழியும் அவையே.

ஆகவே சுதைக்குக் காப்பிடுவோன் முன் நின்ற சிக்கல் எளிதானதன்று. மேலிருந்து விழும் மழைநீர் உள்ளே இறங்கக் கூடாது. அதே நேரத்தில், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறும் வழி அடைபடவும் கூடாது. துளைகளை முற்றும் அடைத்தால் சுதை புழுங்கிக் கெடும். அடைக்காமலே விட்டால் கரைந்து கெடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியை நம் நாட்டுக் கைவினைஞர் கண்டனர். மேலே ஒரு போர்வை போர்த்துவதோடு அவர்கள் நிற்கவில்லை; காப்புப் பொருளைச் சாந்துக்கே ஊட்டினர்.

முதலில் நூல்கள் கூறுவதைக் காண்போம். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்கிதையில் வஜ்ரலேபம் என்னும் பூச்சுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. பனிச்சங்காய், விளாங்காய், இலவம்பூ, வசம்பு முதலியவற்றை நீரிலிட்டு எட்டில் ஒரு பங்காக வற்றக் காய்ச்சி, அக்குழம்பில் பிசின் வகைகளையும் சேங்கொட்டை, ஆளிவிதை, வில்வம் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். அதைச் சுடச்சுடக் கோவில், மாளிகை, லிங்கம், படிமம், சுவர், கிணறு ஆகியவற்றில் பூச வேண்டும் என்கிறது அந்நூல். இவ்வாறு பூசியது ஒரு கோடி ஆண்டு நிற்கும் என்பது அதன் வாக்கு. இதைப் புலவரின் மிகைக்கூற்று என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் சேர்மானங்களை அவ்வாறு ஒதுக்க இயலாது. பனிச்சங்காயின் துவர்ப்புச் சாற்றை வங்காளத்து மீனவரும் வலைக்கும் படகுக்கும் நீர்க்காப்பாகப் பூசி வந்தனர். அங்கே அதற்குக் காப் என்று பெயர். நூலில் எழுதியதும் ஆற்றங்கரையில் செய்ததும் ஒன்றாகவே இருந்தன.

விஷ்ணு தர்மோத்தரத்தின் மூன்றாம் காண்டம் சுவர்ப்பூச்சுக்குச் செங்கற்பொடி, சுண்ணாம்பு, குக்குலு, தேன்மெழுகு, வெல்லம், எண்ணெய், வில்வக் கூழ் ஆகியவற்றைக் கூறுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசத்தில் வஜ்ரலேபம் என்பது எருமைத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையாக மாறியிருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் கேரளத்தில் தோன்றிய சிற்பரத்தினமோ சுண்ணாம்போடு பாசிப்பயற்றுக் கஷாயம், வெல்ல நீர், வாழைப்பழக் கூழ் ஆகியவற்றைச் சேர்க்கச் சொல்கிறது. இவற்றை ஒருங்கு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பூச்சின் நோக்கம் எங்கும் ஒன்று. பொருள்கள் மட்டும் அந்தந்த நாட்டின் விளைபொருளுக்கு ஏற்ப மாறின.

இனி, அப்பொருள்கள் ஒவ்வொன்றும் செய்யும் வேலை யாது என்று பார்ப்போம். தமிழகத்தில் கடுக்காயும் வெல்லமும் இணைபிரியாதவை. கடுக்காயை நசுக்கி வெல்லத்தோடு நீரில் ஊறவைத்துச் சில நாள் புளிக்க விட்டு, அந்நீரைக் கொண்டே சுண்ணாம்பைக் குழைத்தனர். வெல்லத்திலுள்ள சர்க்கரை சுண்ணாம்போடு கூடி, அது நீரில் மிகுதியாகக் கரையச் செய்கிறது. சாந்து விரைந்து உலர்ந்து வெடிக்காமல் காக்கிறது. விரல் நகத்தையும் அணிகலனையும் திருத்தமாக அமைக்கச் சிற்பிக்கு நேரமும் கிடைக்கிறது. கடுக்காயின் துவர்ப்புச் சத்து சாந்தைப் பிணைத்து இறுக்குகிறது. நீர் புளிக்கும்போது எழும் கரியமில வாயு, சுண்ணாம்பு கல்லாவதற்கும் துணை செய்கிறது.

உளுந்தின் வேலையை நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு விளக்க வேண்டுவதில்லை. ஆட்டிய உளுந்தின் வழுவழுப்பு இட்லி மாவில் காற்றைப் பிடித்து வைக்கிறது. சாந்திலும் அது நீரையும் நுண்குமிழிகளையும் பிடித்து வைத்து, பூச்சு ஒரே சீராக உலர உதவுகிறது. தயிரிலும் பாலிலும் உள்ள புரதம் சுண்ணாம்போடு சேர்ந்தால் நீரில் எளிதில் கரையாத பசையாகிவிடும். மரத்தச்சர் பலகைகளை ஒட்டப் பயன்படுத்திய பாற்பசை இதுவே. முட்டையின் வெண்கருவும் இவ்வாறே சுண்ணாம்பைப் பற்றிக்கொண்டு, தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பைத் தரும். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்கள் கண்ணாடி போல் மின்னுவதற்கு இவ்வெண்கருவையே காரணமாகக் கூறுவர்.

எல்லாவற்றிலும் நுட்பமானது எண்ணெயின் வேலை. நம்மில் பலர் குடியிருக்கும் நகரங்களில் கிணற்று நீர் கடினமானது. அந்நீரில் சோப்பு நுரைப்பதில்லை. திரிதிரியாக வெண்மையான ஓர் அழுக்கு வாளியில் படியும். நீரிலுள்ள சுண்ணச் சத்து சோப்போடு கூடிக் கரையாத பொருளாக மாறுவதே அதற்குக் காரணம். குளியலறையில் நமக்குத் தொல்லையாக இருக்கும் அதே பொருள் சுதைக்குக் கவசமாகிறது. ஈரம் முற்றும் உலராத சுண்ணாம்புப் பூச்சின்மேல் தேங்காயெண்ணெயைத் தடவித் தேய்த்தால், எண்ணெயும் சுண்ணாம்பும் கூடித் துளைகளின் சுவர்களில் இக்கரையாப் பொருள் மென்மையாகப் படிகிறது. துளை திறந்தே இருக்கும். ஆனால் நீர்த்துளி அதில் ஒட்டாமல் உருண்டோடும். ஆவிக்கு வழி உண்டு, மழைக்கு வழி இல்லை. முன்னே கூறிய சிக்கலுக்கு இதனினும் சிறந்த தீர்வை எண்ணிப் பார்ப்பது அரிது.

இவ்வறிவைத் தமிழகத்துக்கு வெளியே நாம் எங்கெங்கே காணலாம்? இராசபுதனத்தில் வாழும் அன்பர்கள் ஆம்பர் அரண்மனையையும் ஷேகாவதியின் மாளிகைகளையும் கண்டிருப்பார்கள். அச்சுவர்களில் உள்ள வழுவழுப்பான பூச்சுக்கு ஆராயிஷ் என்று பெயர். நீற்றிய சுண்ணாம்பில் தயிரும் வெல்லமும் சேர்த்து நெடுநாள் ஊறவைத்து, சலவைக்கல் பொடியோடு அரைத்து, மெல்லிய படலங்களாகப் பூசுவர். பின்னர் ஹகீக் என்னும் வழுவழுப்பான கல்லால் பொறுமையாகத் தேய்ப்பர். முடிவில் தடவுவது தேங்காயெண்ணெய். தென்னையே வளராத பாலைநிலத்தில் தேங்காயெண்ணெய் இடம்பெற்றிருப்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. கைவினைஞர் அருகில் கிடைத்ததைக் கொண்டு பெரும்பாலும் காரியத்தை முடித்தனர். இன்றியமையாதது என்று கண்டதைத் தொலைவிலிருந்தும் வரவழைத்தனர்.

இலக்னோவில் நவாப் ஆசப்-உத்-தௌலா 1784-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது தொடங்கிய பெரிய இமாம்பாராவும் ரூமி வாயிலும் சிறு செங்கற்களாலும் சுண்ணாம்புச் சுதையாலும் ஆனவை. அந்நகரக் கட்டடங்களின் முகப்பில் இணைந்து நிற்கும் மீன்கள் சுதையில் வடித்தவை. உளுந்தும் வெல்லமும் வில்வப்பழக் கூழும் அப்பகுதிச் சாந்தில் இடம்பெற்றன. வங்காளத்தில் சங்கு, சிப்பிகளைச் சுட்டெடுத்த சுண்ணாம்பினால் செய்யும் நுண்ணிய அலங்காரத்துக்குப் பங்க வேலை என்று பெயர். பீகாரிலுள்ள நாளந்தாவில் மூன்றாம் எண் கோவிலின் மூலைக் கோபுரங்களில் புத்தரும் போதிசத்துவரும் சுதை வடிவில் இன்றும் நிற்கின்றனர். அக்கோவில் அடுத்தடுத்துப் பன்முறை பெரிதாக்கிக் கட்டப்பட்டது. பிற்காலச் சுவர்கள் முற்காலச் சுதையை மூடிப் பாதுகாத்தன. கேரளத்துச் சுவரோவியங்களுக்குச் சுண்ணாம்பை இளநீரில் கரைத்து இருபத்தைந்து முப்பது முறை பூசித் தளம் அமைத்தனர். திருவனந்தபுரத்திலும், இன்று தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள திருவட்டாறிலும் பள்ளிகொண்ட பெருமாள் திருமேனிகள் கடுசர்க்கரை யோகம் என்னும் கலவையால் ஆனவை. அது சுண்ணாம்புச் சுதையன்று. பிசினும் மண்ணும் மூலிகையும் வெல்லமும் சேர்ந்தது. ஆயினும் திருவரங்கத்தைப் போலவே அங்கும் மூலவருக்கு நீராட்டு இல்லை. காப்பின் விதி ஒன்றே.

சுண்ணாம்புச் சுதையையும் பாரிஸ் சாந்தையும் சிலர் ஒன்றாகக் கருதுவதுண்டு. அவை வேறு வேறானவை. பாரிஸ் சாந்து என்பது ஜிப்சக் கல்லைச் சுமார் 150 பாகையில் சுட்டுப் பொடித்தது. நீர் பட்ட சில நிமிடங்களில் இறுகிவிடும். ஆனால் இறுகிய பின்னும் நீரில் சிறிது சிறிதாகக் கரையும் இயல்புடையது. ஆகவே வெட்டவெளிக்கு ஏற்றதன்று. ஆங்கிலேயர் காலத்துக் கலைப்பள்ளிகள் வாயிலாக இது சிற்பக் கலையில் பரவியது. மும்பைக் கலைஞர் கணபதிராவ் மாத்ரே 1896-ஆம் ஆண்டில் கோவிலுக்குச் செல்லும் பெண் ஒருத்தியை இச்சாந்தில் வடித்துப் புகழ் பெற்றார். இத்தகைய உருவங்களுக்குக் காப்பிடும் முறையும் வீட்டுப் பொருள்களைக் கொண்டதே. உருவத்தை நன்றாக உலரவிட்டு, இளஞ்சூட்டோடு ஆளிவிதை எண்ணெயையோ உருக்கிய தேன்மெழுகையோ பல முறை மெல்லப் பூசி ஊறவிடுவர். ஆடை நீக்கிய பாலைப் பூசி, உலர்ந்த பின் துணியால் தேய்ப்பதும் உண்டு. அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசுவதும் உண்டு. எதைப் பூசினாலும் உள் ஈரம் உலர்வதற்கு முன் மூடலாகாது. மூடினால் பூச்சு கொப்பளித்து உரியும். வீட்டில் ஒரு சாந்துப் பொம்மை வைத்திருப்போரும் இவ்வுண்மையை நினைவிற்கொள்ளலாம்.

இவ்வளவு நுட்பமான மரபு எங்கே தளர்ந்தது? போர்ட்லண்டு சிமெண்டுக்கு 1824-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காப்புரிமை வழங்கப்பட்டது. 1914-ஆம் ஆண்டில் போர்பந்தரில் தொழிற்சாலை ஒன்று சிமெண்டு செய்யத் தொடங்கியது. சிமெண்டு விரைவில் இறுகும். ஊறவைக்கவும் புளிக்கவைக்கவும் அரைக்கவும் வேண்டுவதில்லை. அவசரம் மிகுந்த காலத்துக்கு அது உகந்ததாயிற்று. இன்று பல கோபுரங்களில் சுதை என்ற பெயரில் வடிக்கப்படுவது சிமெண்டே. அதன்மேல் பூசுவது எனாமல் வண்ணம். புதிய சிமெண்டுக் கட்டடத்தில் இவ்விரண்டும் தத்தம் வேலையைச் செய்யலாம். பழைய சுண்ணாம்புச் சுதையின்மேல் இவற்றை ஏற்றும்போதுதான் கேடு விளைகிறது. கடினமான சிமெண்டும் மெதுவான சுண்ணாம்பும் வெயிலில் ஒத்து விரிவதில்லை. இடையே பிளவு காண்கிறது. பிளவின் வழியே நுழைந்த மழைநீர் வெளியேற வழியின்றி உள்ளே தங்குகிறது. உப்புகள் கரைந்து மேலெழுந்து பூத்து, வண்ணத்தோடு சுதையையும் உரித்துத் தள்ளுகின்றன. வெளியே புதுமெருகு, உள்ளே அரிப்பு. ஒரு முகம் இவ்வாறு உதிர்ந்துவிட்டால், அதைப் படைத்த கையின் நெளிவு சுளிவு திரும்பக் கிடைப்பதில்லை.

இதை நாடு மெல்ல உணர்ந்து வருகிறது. தில்லியில் உமாயூன் கல்லறையை 2007 முதல் 2013 வரை சீரமைத்தபோது, அதன் கூரையில் இருபதாம் நூற்றாண்டில் ஏற்றியிருந்த ஏறத்தாழ பத்து லட்சம் கிலோ சிமெண்டுக் கலவையை அகற்றிவிட்டு, சுண்ணாம்புப் பூச்சையே மீண்டும் இட்டனர். திருச்சூர் வடக்குநாதர் கோவில் மரபுமுறைச் சீரமைப்புக்காக 2015-ஆம் ஆண்டிலும், திருவரங்கம் கோவில் 2017-ஆம் ஆண்டிலும் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதுகளைப் பெற்றன. கடுக்காயும் வெல்லமும் பழங்கதை அல்ல என்பதற்கு இவை சான்று.

இங்கே ஒரு வேறுபாட்டையும் கருத வேண்டும். வராகமிகிரர் தம் பூச்சு ஒரு கோடி ஆண்டு நிற்கும் என்றார். நம் கோவில் வழக்கமோ பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்தச் சொல்கிறது. வழக்கமே உண்மைக்கு அருகில் உள்ளது. சுதைக்கு இட்ட காப்பு ஒருமுறையோடு முடிவதன்று. உரிந்த விரலை மீண்டும் அமைக்கவும், காய்ந்த பூச்சுக்கு மீண்டும் எண்ணெய் ஊட்டவும் ஒவ்வொரு தலைமுறையிலும் கையறிவு உடையோர் வேண்டும். பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் தந்தை செய்ததை மகன் உடனிருந்து கற்றான். திருப்பணிதான் அவனுக்குப் பள்ளிக்கூடம். ஒரு சுற்றில் சிமெண்டு நுழைந்துவிட்டால் அப்பள்ளி பன்னிரண்டு ஆண்டு மூடப்படுகிறது. இரண்டு சுற்று கழிந்தால் சொல்லிக் கொடுக்க ஆள் இருப்பதில்லை.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நாம் இதில் செய்யத்தக்கது என்ன? நாம் குடியேறிய நகரங்களில் நம் முன்னோரும் நாமும் கோவில்கள் எழுப்பியிருக்கிறோம். அவற்றின் திருப்பணிக் குழுக்களில் நம்மவர் இருக்கிறார்கள். ஊரிலுள்ள குலதெய்வக் கோவில் திருப்பணிக்கும் நாம் பொருள் அனுப்புகிறோம். நன்கொடைச் சீட்டைப் பெற்றுக்கொள்வதோடு நில்லாமல், பழைய சுதையின்மேல் என்ன பூசப் போகிறார்கள் என்று கேட்கலாம். சுண்ணாம்பு வேலை அறிந்த ஸ்தபதியை அழைக்கும்படி வேண்டலாம்; அவர் கேட்கும் கூடுதல் மாதங்களை மனமுவந்து தரலாம். நாம் வாழும் மாநிலத்தின் கைவினைஞரையும் அவரோடு உரையாடச் செய்யலாம். ஜெய்ப்பூரில் ஆராயிஷ் பூசுபவரும் கும்பகோணத்தில் கடுக்காய் ஊறவைப்பவரும் ஒருவர் மொழியை மற்றவர் அறியார். ஆயினும் நீற்றிய சுண்ணாம்பை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தால், அதன் பதத்தை இருவரும் ஒரே நொடியில் அறிந்துகொள்வர். அவ்விருவரையும் ஒரே சாரத்தில் ஏற்றி வைக்கும் வாய்ப்பு, இரண்டு ஊரையும் அறிந்த நமக்கே மிகுதியாக இருக்கிறது.